மூடிய அறையில் வெப்பமும் காற்றோட்டமும்

க.பொ.த. (சாதாரண தரம்) விஞ்ஞானம் – வெப்பம் என்னும் அலகுக்கான விளக்கம்



கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல் ஆகிய மூன்று முறைகளையும் வரைவிலக்கணத்துடன் மனனம் செய்து வைத்திருப்பீர்கள். அவற்றை நேரடியாகக் கேட்டால் ஏறத்தாழ எல்லோரும் எழுதிவிடுவீர்கள். ஆனால் "தகரக் கூரையிட்ட வகுப்பறை ஒன்று பிற்பகலில் மிகவும் வெப்பமாக உள்ளது. காரணம் தருக. அதனைக் குறைக்கும் வழிகளை விளக்குக" என்று கேட்டால், பலர் "யன்னல்களைத் திறக்க வேண்டும், மின்விசிறி போட வேண்டும்" என்று இரண்டு வரியுடன் நிறுத்திவிடுகின்றனர். இந்த விடை பிழையன்று. ஆனால் எந்த யன்னல், சுவரில் எந்த உயரத்தில், ஏன் என்பது அதில் இல்லை. புள்ளி இருப்பது அந்த "ஏன்" என்பதில்தான்.

பரீட்சைக்கு அப்பாலும் இப்பாடம் உங்களுக்குத் தேவை. நீங்கள் படிப்பதும், உறங்குவதும், வீட்டில் அம்மா சமைப்பதும் இத்தகைய அறைகளில்தான். காற்றோட்டம் இல்லாத அறை தலையிடியையும் தூக்கத்தையும் மட்டுமன்றிச் சில வேளைகளில் மரணத்தையும் தருகிறது. அதுபற்றிப் பின்னர் தனியாகப் பார்ப்போம்.

வெப்பம் எந்த வழியால் உள்ளே வருகிறது?

நண்பகலில் சூரியன் தலைக்கு மேலே நிற்கும்போது அதிக கதிர்ப்பைப் பெறுவது கூரையே, சுவர் அன்று. வெயிலில் கிடக்கும் துருப்பிடித்த தகரத்தின் வெப்பநிலை 60 பாகை செல்சியசையும் தாண்டும். வெயிலில் கிடந்த தகரத்தில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு இதற்கு வேறு சான்று தேவையில்லை.

இனி படிமுறையாகப் பாருங்கள். சூரியனிலிருந்து கூரைக்கு வெப்பம் வருவது கதிர்வீசலால். தகரத்தின் மேற்பக்கத்திலிருந்து கீழ்ப்பக்கத்துக்கு அது செல்வது கடத்தலால். தகரம் உலோகமாகையாலும் மிகவும் மெல்லியதாகையாலும் இதற்குச் சிறிது நேரமே போதும். கீழ்ப்பக்கத்திலிருந்து உங்கள் தலைக்கு வருவது மீண்டும் கதிர்வீசலால். இந்த மூன்றாவது படியைத்தான் மாணவர்கள் தவறவிடுகின்றனர். "சூடான காற்று கீழே இறங்கி எம்மைச் சுடுகிறது" என்று எழுதுவோர் உண்டு. சூடான காற்று தானாகக் கீழே இறங்காது. கூரையுடன் தொட்டுச் சூடான வளி கூரையின் கீழேயே படலமாகத் தங்கி நிற்கும். உங்கள் தலையைச் சுடுவது தகரம் வீசும் கதிர்ப்பு.

யன்னல்கள் எல்லாவற்றையும் திறந்து வைத்த பின்னரும் தகரக் கொட்டிலில் தலை ஏன் சுடுகிறது என்பதற்கும் இதுவே விடை. கதிர்வீசலுக்கு ஊடகம் தேவையில்லை. ஆகவே வீசும் காற்று அதனை அள்ளிச் செல்லாது. அதனை மறிக்க இடையில் ஒன்று வேண்டும். தகரத்தின் மேல் கிடுகு வேய்வதும், கீழே ஓலைத் தட்டியோ பலகையோ கொண்டு உட்கூரை அமைப்பதும் இதற்காகவே. கிடுகின் இடைவெளிகளில் அடைபட்டிருக்கும் வளி அரிதிற் கடத்தி. உட்கூரை அமைத்தால் கூரைக்கும் அதற்கும் இடையிலுள்ள வெளியின் இரு முனைகளிலும் துவாரம் விட வேண்டும். இல்லாவிடின் அங்கே வளி அடைபட்டுச் சூடாகி, பின்னர் உட்கூரையும் சூடாகும். தகரத்துக்கு வெண்ணிறப் பூச்சு இடுவதும் நல்ல விடையே. வெண்ணிற மேற்பரப்பு ஒளியை நன்கு தெறிக்கச் செய்யும், உறிஞ்சுவது குறைவு.

கொங்கிறீற்றுக் கூரையின் கதை வேறு. அது தடிப்பானது, திணிவு கூடியது. பகல் முழுவதும் வெப்பத்தை வாங்கிச் சேமித்து, மாலைக்குப் பின்னர் மெதுவாக வெளிவிடும். இரவு ஒன்பது மணிக்கு முற்றத்தில் குளிர்ச்சி, தட்டுக் கூரையின் கீழ் புழுக்கம் என்று இருப்பது இதனாலேயே. இத்தகைய வீட்டில் யன்னல்களை முக்கியமாகத் திறந்து வைக்க வேண்டிய நேரம் இரவு. ஆனால் பெரும்பாலான வீடுகளில் இரவில்தான் எல்லாவற்றையும் பூட்டுகிறோம்.

நாமும் வெப்பமுதல்களே

அமைதியாக அமர்ந்திருக்கும் ஒருவரின் உடல் செக்கனுக்கு ஏறத்தாழ 100 யூல் வெப்பத்தை, அதாவது 100 உவாற்று வலுவை வெளிவிடுகிறது. நாற்பது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பறை என்றால் 4000 உவாற்று. 1000 உவாற்று மின்னழுத்திகள் நான்கை அறையில் போட்டுவிட்டது போன்றது இது.

இதனை ஒரு கணித்தலாகச் செய்வோம். வகுப்பறை ஒன்றின் நீளம் 10 மீற்றர், அகலம் 6 மீற்றர், உயரம் 2.5 மீற்றர். கனவளவு 150 கன மீற்றர். வளியின் அடர்த்தி கன மீற்றருக்கு 1.2 கிலோகிராம் எனக் கொண்டால் வளியின் திணிவு 180 கிலோகிராம். வளியின் தன்வெப்பக் கொள்ளளவு, கிலோகிராம் ஒன்றுக்கு ஒரு பாகைக்கு 1000 யூல் என எடுப்போம். வியர்வை ஆவியாவதுடன் செல்லும் பகுதியைக் கழித்து, ஒரு மாணவர் வளிக்கு நேரடியாகக் கொடுப்பது செக்கனுக்கு 60 யூல் எனக் கொள்வோம்.

40 பேர் 10 நிமிடத்தில் கொடுக்கும் வெப்பம் = 40 × 60 × 600 = 1,440,000 யூல்.

வெப்பம் = திணிவு × தன்வெப்பக் கொள்ளளவு × வெப்பநிலை மாற்றம். ஆகவே,

வெப்பநிலை மாற்றம் = 1,440,000 ÷ (180 × 1000) = 8 பாகை செல்சியசு.

கதவு யன்னல் எல்லாவற்றையும் அடைத்தால் பத்து நிமிடத்தில் 30 பாகை 38 பாகையாகிவிட வேண்டும். உண்மையில் அவ்வளவு உயர்வதில்லை. சுவரும் தரையும் மேசை கதிரைகளும் ஒரு பகுதியை உறிஞ்சுகின்றன. வளி சூடாக ஆக உடல் அதற்குக் கொடுக்கும் வெப்பமும் குறைகிறது. "கணித்த பெறுமானத்திலும் உண்மைப் பெறுமானம் குறைவாக இருப்பதேன்?" என்று கேட்டால் இதையே எழுதுக.

இன்னொரு தவறான கருத்தையும் இங்கே திருத்திக்கொள்ள வேண்டும். அடைபட்ட வகுப்பறையில் மயக்கம் போல வருவது "ஒட்சிசன் முடிந்துவிட்டதால்" என்று பலர் எழுதுகின்றனர். வளியில் ஒட்சிசன் 21 சதவீதம். ஒரு பாடவேளையில் அது குறையும் அளவு மிகச் சிறிது. கூடுவது மூன்று: வெப்பநிலை, நீராவி, காபனீரொட்சைட்டு. வெளிவளியில் ஏறத்தாழ 0.04 சதவீதமாக உள்ள காபனீரொட்சைட்டு, நாம் வெளிவிடும் மூச்சில் ஏறத்தாழ 4 சதவீதம். நீராவி கூடினால் வியர்வை ஆவியாவது குறையும். உடல் குளிர வழியின்றிப் போகும். புழுக்கம் என்று நாம் சொல்வது இதனைத்தான்.

காற்றை நகர்த்துவது எது?

ரின்பால் பேணியில் ஒரு துவாரம் மட்டும் இட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். பால் சொட்டுச் சொட்டாக விழும், பின்னர் நின்றுவிடும். எதிர்ப்பக்கத்தில் இரண்டாவது துவாரம் இட்டதும் ஒழுங்காக வடியும். அறையும் அப்படியே. உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழி இல்லையென்றால் வெளிக்காற்று உள்ளே வராது. ஒரே சுவரில் பெரிய யன்னல் ஒன்று வைப்பதைவிட எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு சிறிய யன்னல்கள் வைப்பது மேல். வீடு கட்டுபவர்கள் முன்பக்க அழகுக்காக மட்டும் யன்னல் வைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பேணிதான் நினைவுக்கு வரும்.

வழி இருந்தாலும் தள்ளுவதற்கு ஒன்று வேண்டும். அவை இரண்டு. ஒன்று வெப்பநிலை வித்தியாசம், மற்றையது வெளியே வீசும் காற்று.

முதலாவதை விளக்கப் பாடசாலையில் ஒரு பரிசோதனை செய்திருப்பீர்கள். கண்ணாடி முகப்புள்ள பெட்டியின் மேற்பக்கத்தில் இரண்டு குழாய்கள். ஒரு குழாயின் கீழ் எரியும் மெழுகுதிரி. மற்றக் குழாயின் மேல் புகையும் கடதாசி. புகை மேலே போகாமல் குழாய் வழியே கீழிறங்கிப் பெட்டிக்குள் சென்று, மெழுகுதிரிக்கு மேலுள்ள குழாயால் வெளியேறும். விளக்கம் எழுதும்போது "சூடான வளி மேலெழும்" என்று மட்டும் எழுதினால் அரை விடையே. முழு விடை இவ்வாறு அமைய வேண்டும்: வெப்பமேறிய வளி விரிவடைகிறது, அதனால் அடர்த்தி குறைகிறது, சூழவுள்ள அடர்த்தி கூடிய குளிர்வளி கீழாக உள்ளே வந்து அதனை மேலே தள்ளுகிறது. அடர்த்தி என்னும் சொல் விடையில் கட்டாயம் இருக்க வேண்டும்.

இந்தத் தள்ளுகை எவ்வளவு? 30 பாகையில் வளியின் அடர்த்தி கன மீற்றருக்கு ஏறத்தாழ 1.17 கிலோகிராம், 40 பாகையில் 1.13. கீழ்த் துவாரத்துக்கும் மேல் துவாரத்துக்கும் இடையே உயரம் 3 மீற்றர் எனின், அமுக்க வித்தியாசம் = உயரம் × அடர்த்தி வித்தியாசம் × ஈர்ப்பு ஆர்முடுகல் = 3 × 0.04 × 10 = 1.2 பஸ்கால். வளிமண்டல அமுக்கம் ஏறத்தாழ 100,000 பஸ்கால் என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு சிறியது என்று தெரியும். ஆனாலும் காற்று பாரமற்ற பொருள் போன்றதே. இந்தச் சிறு வித்தியாசமே அதை நகர்த்தப் போதுமானது. உயரம் கூடினால் தள்ளுகை கூடும். புகைபோக்கியை உயரமாகக் கட்டுவதன் காரணமும் இச்சமன்பாட்டிலேயே உள்ளது.

மாறாக, செக்கனுக்கு 3 மீற்றர் வேகத்தில் வீசும் இளங்காற்று சுவரில் மோதும்போது ஏற்படுத்தும் அமுக்கம் ஏறத்தாழ 5 பஸ்கால். வெப்பநிலை வித்தியாசத்தின் தள்ளுகையைவிட இது நான்கு மடங்கு. ஆகவே காற்று வீசும் இடத்தில் முதலில் அதனைப் பயன்படுத்துக. காற்று அசையாத பிற்பகலுக்குத்தான் மேல் துவாரமும் கீழ்த் துவாரமும் கைகொடுக்கும். நல்ல அறைக்கு இரண்டும் வேண்டும்.

நான் கலைப்பட்டதாரி. புவியியலும் கற்பிப்பதால் இங்கே சிறிது அந்தப் பக்கம் செல்கிறேன். சோளகம், வாடை, கொண்டல், கச்சான் என்று எம்மவர் காற்றுகளுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்திருக்கின்றனர். மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. டிசம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. உங்கள் வீட்டின் எந்தச் சுவர் எந்த மாதத்தில் காற்றைப் பெறுகிறது என்பதை இதிலிருந்தே சொல்லிவிடலாம்.

கச்சான் பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாணவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு மறுபக்கம் இறங்கும்போது வரண்டு, சூடாகிக் கிழக்குக் கரைக்கு வருகிறது. வெளிவளி அறைவளியைவிடச் சூடாக இருக்கும் அவ்வாறான நண்பகலில் யன்னலைத் திறந்தால் அறை குளிராது. வெப்பமே உள்ளே வரும். பகலில் வெயில் பக்க யன்னல்களை மறைத்து வைத்து, இரவில் எல்லாவற்றையும் திறப்பதே சரி. "காற்றோட்டம் எப்போதும் அறையைக் குளிர்விக்கும்" என்னும் கூற்று தரப்பட்டு, சரியா பிழையா எனக் கேட்டால் பிழை என எழுதி, இந்த உதாரணத்தைத் தருக.

வீடுகளைப் பார்த்துப் படிப்போம்

யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டின் நடுவே திறந்த முற்றம். அதைச் சுற்றி விறாந்தை. அதைச் சுற்றி அறைகள். ஒவ்வோர் அறைக்கும் வெளிச்சுவரில் ஒரு திறப்பும் முற்றத்துப் பக்கம் ஒரு கதவும் இருந்தால், எதிரெதிரான இரண்டு வழிகள் கிடைத்துவிடும். வெயில் சுவரில் நேரே படாதபடி விறாந்தை மறைக்கிறது. ஓட்டுக் கூரையின் இடுக்குகளால் சூடான வளி கசிந்து வெளியேறுகிறது. இரவில் குளிர்ந்த, அடர்த்தி கூடிய வளி முற்றத்தில் இறங்கி அறைகளுக்குள் பரவுகிறது. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா (1919–2003) கொழும்பில் 1960–62 காலப்பகுதியில் ஏனா டி சில்வாவுக்குக் கட்டிய வீட்டிலும் நடுமுற்றமே மையம். நகரத்தின் சிறிய காணியிலும் இம்முறை பொருந்தும் என்பதற்கு அது எடுத்துக்காட்டு.

இதற்கு நேரெதிரானது மலையகத் தோட்டங்களில் முதுகோடு முதுகாகக் கட்டப்பட்ட இரட்டை லயன். பின்சுவர் அடுத்த வீட்டின் பின்சுவர். ஆகவே பின்னால் யன்னல் வைக்க இயலாது. இரு பக்கமும் அயல் வீடுகள். எஞ்சியிருப்பது முன்பக்கம் மட்டும். ஒரே துவாரமுள்ள ரின்பால் பேணி! அதற்குள்ளேயே அடுப்பும் எரிந்தால் புகை எங்கே போகும்? அங்கு வாழ்வோர் யன்னல் திறக்காமல் இருப்பது அறியாமையால் என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவர். குறை கட்டடத்தின் அமைப்பில் உள்ளது. இத்தகைய அறைக்குச் செய்யக்கூடியது, கூரையின் முகட்டருகே மழை உள்ளே வராதபடி சிறு மூடியுடன் ஒரு திறப்பு விடுவதும், அடுப்புக்கு நேர்மேலே புகைபோக்கி வைப்பதும் ஆகும். பக்கவாட்டில் வழி இல்லாதபோது மேல்நோக்கிய வழியையே தேட வேண்டும்.

கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது

கரி, விறகு, மண்ணெண்ணெய், பெற்றோல் ஆகியன போதிய ஒட்சிசன் இன்றி எரியும்போது காபனோரொட்சைட்டு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் அது ஒட்சிசனிலும் 200 மடங்குக்கு மேலாக இறுக இணையும். தலையிடி, தலைச்சுற்று, வாந்தி, பின்னர் மயக்கம். உறங்குபவருக்கு இந்த அறிகுறிகளும் தெரியாமல் போகலாம். குளிருக்காகக் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு உறங்குவதும், மின்பிறப்பாக்கியை வீட்டுக்குள்ளோ மூடிய விறாந்தையிலோ இயக்குவதும் உயிராபத்தானவை. 2022 இல் நீண்ட நேர மின்வெட்டுக் காலத்தில் பலர் மின்பிறப்பாக்கி வாங்கினர். அவை இன்னும் வீடுகளில் உள்ளன. உங்கள் வீட்டில் இருந்தால் அது எங்கே வைக்கப்பட்டுள்ளது என்று இன்றே பாருங்கள். சத்தம் கேட்காதபடி உள்ளே வைத்திருந்தால் வெளியே எடுக்கச் சொல்லுங்கள்.

வெயிலில் நிறுத்திய வாகனமும் ஒரு மூடிய அறையே. கண்ணாடி சூரிய ஒளியை உள்ளே விடும். உட்புறம் சூடாகி வீசும் செந்நிறக்கீழ்க் கதிர்ப்பை வெளியே விடாது. சூடான வளிக்கும் வெளியேற வழியில்லை. அரை மணித்தியாலத்தில் உள்வெப்பநிலை வெளியைவிட 15 பாகைக்கு மேல் உயரக்கூடும். சிறுபிள்ளையை வாகனத்தில் விட்டுவிட்டுக் கடைக்குள் செல்லலாகாது.

மின்விசிறி பற்றி

மின்விசிறி வளியின் வெப்பநிலையைக் குறைப்பதில்லை. அதன் மோட்டர் பெறும் 60 அல்லது 70 உவாற்று மின்சக்தியும் இறுதியில் வெப்பமாகி அறைக்குள்ளேயே சேர்கிறது. பூட்டிய வெற்று அறையில் மின்விசிறியை இயக்கினால் வெப்பமானியின் வாசிப்பு சிறிது கூடுமேயன்றிக் குறையாது. எமக்குக் குளிர்வது வியர்வை விரைவாக ஆவியாவதால். இரவில் வெளிவளி குளிர்ந்த பின்னர் மேசை மின்விசிறியை ஒரு யன்னலில் வெளிநோக்கி வைத்து, எதிர் யன்னலைத் திறந்துவிடுங்கள். சூடான வளி வெளியேறக் குளிர்ந்த வளி மறுபக்கத்தால் உள்ளே வரும்.

நுளம்பு வலை காற்றைக் குறைக்கும் என்பது உண்மை. டெங்கு உள்ள நாட்டில் அதற்காக வலையைக் கழற்ற முடியாது. திறப்பைப் பெரிதாக்குவதே வழி.

வீட்டில் செய்துபார்க்க

ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, கதவைச் சிறிதளவு திறந்து, இடைவெளியின் அடியிலும் நடுவிலும் உச்சியிலும் பிடியுங்கள். புகை எங்கே உள்நோக்கியும் எங்கே வெளிநோக்கியும் செல்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரவில் அறை வெளியைவிடச் சூடாக இருக்கும்போது அடியில் உள்ளேயும் உச்சியில் வெளியேயும் செல்வதைக் காணலாம். நடுவில் புகை அசையாமல் நிற்கும் ஒரு மட்டமும் உண்டு. திரைச்சீலைக்கு அருகில் பிடிக்க வேண்டாம்.

பயிற்சி வினாக்கள்

1. தகரக் கூரையிட்ட வகுப்பறையின் ஒரு சுவரில் மட்டும் இரண்டு யன்னல்கள் உள்ளன. (அ) சூரியனிலிருந்து மாணவரின் தலைவரை வெப்பம் இடமாறும் முறைகளை வரிசைப்படுத்துக. (ஆ) புதிதாக ஒரு திறப்பு மட்டும் அமைக்க அனுமதி உண்டெனின், அதனை எங்கே அமைப்பீர்? காரணம் தருக.

விடைக் குறிப்பு: (அ) கதிர்வீசல், கடத்தல், கதிர்வீசல். (ஆ) எதிர்ச்சுவரில், கூரைக்கு அண்மையில். எதிர்ச்சுவர் என்பதால் வீசும் காற்று குறுக்கே செல்லும். உயரத்தில் என்பதால் அடர்த்தி குறைந்த சூடான வளி காற்று வீசாதபோதும் வெளியேறும். இரண்டு காரணங்களையும் எழுதினாலே முழுப் புள்ளி.

2. மேலே செய்த கணித்தலை 25 மாணவர்கள், 12 நிமிடங்கள் எனக் கொண்டு மீண்டும் செய்க. (விடை: 6 பாகை செல்சியசு)

3. உங்கள் வீட்டுக் குசினியின் குறுக்குவெட்டு முகத்தை வரைக. அடுப்பு, கதவு, யன்னல், புகைபோக்கி ஆகியவற்றைக் குறித்து, அடுப்பு எரியும்போது வளி நகரும் பாதையை அம்புக்குறிகளால் காட்டுக. வெளியேறும் வழி இல்லாவிடின், எந்த இடத்தில் திறப்பு இடலாம் எனப் புள்ளிக்கோட்டால் வரைந்து அடுத்த வகுப்புக்குக் கொண்டுவருக.